பூட்டிய கதவுக்கு வெளியே நின்ற சத்தம்

1978 ஐப்பசி பத்தாம் தேதி காலை எட்டரை மணிக்கு வேலுத்தாய் போட்ட சத்தம், அவள் வாயை மூடிய பிறகும் பூவனநாதன் தீப்பெட்டி ஆபீஸ் வாசலிலேயே நின்றது. ஓர் ஆள் உயரத்தில், பூட்டுக்கு நேராக. அன்று கோவில்பட்டியில் பருத்தி விலையில் மாற்றமில்லை.

அந்த ஆபீஸில் வேலை நேரத்தில் கதவை வெளியே பூட்டுவது வழக்கம். மழை விழுந்தால் பெண்கள் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குவதைப் போட்டுவிட்டுக் கரிசலில் விதைக்க ஓடிவிடுவார்கள் என்று முதலாளி பூவனநாதனுக்குப் பயம். உள்ளே தீக்குச்சி மருந்து பற்றினால் என்ன செய்வது என்று கேட்டவர்களிடம், இதுவரை பற்றியதில்லையே என்பார். வேலைநிறுத்தம் என்று தெரிந்ததும், விடியற்காலையிலேயே வந்துவிட்ட இருபது பேரை உள்ளே வைத்துப் பூட்டினார். வேலுத்தாயின் ஒரே மகள் செண்பகவல்லியும் அதில் ஒருத்தி. வாசலில் சங்கத் தலைவர் சுந்தரபாண்டியன் பதினான்கு கோரிக்கைகளை வாசித்தார். முதல் ஒன்பதும் உலக நிலைமை பற்றியவை, கதவு பதின்மூன்றாவது. ஏழாவதை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மருந்து கருகும் வாடை வந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து வேலுத்தாய் கத்தினாள். "கதவத் தொறங்கய்யா, எம்புள்ள உள்ள இருக்கா."

கருகியது ஒரு கைப்பிடிக் குச்சிதான்; அணைத்துவிட்டார்கள். சத்தம் அணையவில்லை. மாலையில் கதவைத் திறந்ததும் ஓய்ந்தது, மறுநாள் சாத்தியதும் தொடங்கியது. மூன்றாம் நாள் சுந்தரபாண்டியன் போராட்டம் வெற்றி என்று அறிவித்து, தானே வாங்கிவந்த மாலையைப் போட்டுக்கொண்டார். பெண்கள் உள்ளே போனார்கள், கதவு பூட்டப்பட்டது. மூச்சை இழுத்து இழுத்து வாடை பார்த்தபடியே கட்டை அடுக்கினார்கள். வாசலில் நிற்பது தன் குரல்தான் என்று தலைவர் துண்டறிக்கை போட்டார். அவருடைய எந்தப் பிள்ளை உள்ளே இருக்கிறது என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். தடை உத்தரவு ஐந்து பேருக்கு மேல் கூடினால்தான் செல்லும், சத்தமோ ஒன்றுதான். ஆகவே முதலாளி அழைத்துவந்த போலீஸ் இன்ஸ்பெக்டர், குரல் யாருடையது என்று கண்டுபிடிக்க, ஆபீஸில் வேலை செய்யும் அறுபது பெண்களையும் வரிசையாக நிறுத்தி அதே வார்த்தையைச் சொல்லச் சொன்னார். ஆள் தெரிந்தால் தாய்க்கும் மகளுக்கும் வேலை போகும் என்பது அறுபது பேருக்கும் தெரியும். முப்பிடாதி மூக்கால் பேசினாள். சுடலையம்மாள் இருமினாள். வேலுத்தாய் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. குரல்தான் வாசலில் நிற்கிறதே. ஊமை கோஷம் போட முடியாது என்று எழுதி, இன்ஸ்பெக்டர் முதலில் அவளைத்தான் விடுவித்தார்.

முதலாளி வாசலை மறைத்துப் பருத்திச் சாக்கு அடுக்கினார். சத்தம் சாக்கைத் தாண்டி வந்தது. கடைசியில் தீப்பெட்டி லோடு ஏற்ற வந்த டிரைவர் கருத்தையா லாரிச் சாவியை முதலாளியிடமே நீட்டினார். "அண்ணாச்சி, புள்ள உள்ள இருக்குன்னு ஒருத்தி கத்துதா. நான் எப்படி லோடு ஏத்துவேன்?" மற்ற டிரைவர்களும் வரவில்லை. தை பிறந்ததும் பூவனநாதன் பூட்டைக் கழற்றினார். புழுக்கத்துக்காக என்று எல்லோரிடமும் சொன்னார். அடுத்த ஐப்பசி மழைக்குப் பெண்கள் விதைக்க ஓடினார்கள், விதைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வேலுத்தாய்க்குக் குரல் திரும்பவில்லை. கைச்சாடையில் பேசப் பழகிக்கொண்டாள். மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், வாசலில் சத்தம் எழும். யாரும் தலை நிமிர்வதில்லை. "ஏட்டி செண்பகம், ஒங்கம்மா கூப்பிடுதா. போயி தொறந்துட்டு வா" என்பாள் முப்பிடாதி. செண்பகவல்லி அவசரப்படாமல்தான் எழுந்து போவாள்.