உப்பு கரையாத காதுகுத்து

“இந்தச் சத்தத்தை யாரும்மா ஊதி அணைப்பாங்க?” என்று நான்கு வயது வடிவு தன் தாய் சீனித்தாயிடம் கேட்டு முடிப்பதற்குள், தூத்துக்குடியில் அவர்கள் குடியிருந்த தெருவின் உப்பு முழுவதும் தண்ணீராகிவிட்டது. அது 1941ஆம் வருடம், ஆவணி மாதம். கிழக்கே பிள்ளையார் கோயிலிலிருந்து மேற்கே நல்லதண்ணீர்க் கிணறு வரை, சட்டியில் இருந்த உப்பும் ஊறுகாய் ஜாடியில் இருந்த உப்பும் கரைந்தன. உப்பு வியாபாரி வன்னியபெருமாளின் கிட்டங்கியில் அடுக்கியிருந்த நாற்பத்திரண்டு மூட்டைகளில் வெறும் ஈரச் சாக்குகள் மிஞ்சின. கருவாட்டில் ஏறியிருந்த உப்புகூட இறங்கிவிட்டது. கிணற்றுக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு கல் உப்பும் கரையவில்லை.

அன்றைக்கு வன்னியபெருமாளின் மகன் செந்தில்வேலுக்குக் காதுகுத்து. காதுகுத்தும்போது பிள்ளை அழும் சத்தம் வாசலுக்கு வெளியே கேட்டால் ஆகாது என்று அந்தத் தெருவில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதனால் ஆசாரி ஊசியை எடுத்ததும் கெட்டிமேளம் கொட்டுவார்கள். ஒரு செட் மேளம் போதும் என்ற இடத்தில் வன்னியபெருமாள் மூன்று செட் வைத்திருந்தார். கூட்டமும் கொட்டும் சேர்ந்து வந்தால் வடிவு தாங்கமாட்டாள். காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவாள். அப்படிச் சுருண்டபோதுதான் அவள் அதைக் கேட்டாள். உப்புக்கும் அவளுக்கும் தொடர்பு உண்டா என்று முதலில் யாருக்கும் நிச்சயமில்லை. ஒரு வாரம் கழித்து வன்னியபெருமாள் ஒரு கல் உப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஆள் விட்டு அந்தப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டச் சொன்னார். உள்ளங்கை நனைந்தது. அதற்குமேல் தெருவுக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் உப்பளத்திலிருந்து புது உப்பு வந்து இறங்கியது. சீனித்தாய் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு வன்னியபெருமாள் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி சந்தனமாரி வாசலை மறித்து நின்றாள்.

“உப்பு குடிச்ச வீட்டுக்கு உப்பு வேறயா? போளா. ஒரு கல்லு கிடையாது.”

“குழம்பு கொதிக்கு மயினி. ஒரு கை போதும்.”

“ஒம் மவகிட்ட கேளு. அவ வயித்துல நாப்பத்திரண்டு மூட்டை கிடக்கு.”

கதவு சாத்தப்பட்டது. கடைத்தெருவில் வன்னியபெருமாள் சொல்லை மீறி உப்பு அளக்க யாரும் துணியவில்லை. அன்றிலிருந்து சீனித்தாயின் கணவர் காசிலிங்கம் தினமும் விடியலில் கடற்கரைக்குப் போய் ஒரு செம்பு கடல்தண்ணீர் எடுத்து வந்து வைத்துவிட்டு, பிறகே தன் கருப்பட்டிக் கடையைத் திறந்தார். குழம்பு அந்தத் தண்ணீரில் கொதித்தது. உப்புச் சட்டியைச் சீனித்தாய் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். தெருவில் எந்த விசேஷத்துக்கும் அவர்களை அழைக்கவில்லை. கிணற்றில் அவள் குடத்தை இறக்கினால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தெரு உப்பு கரைவதை வேடிக்கை பார்க்க அடுத்த தெரு விடலைகள் அவள் வீட்டு வாசலில் தகரம் தட்டிவிட்டு ஓடினார்கள். அதற்கும் அவளையே வைதார்கள்.

சீனித்தாய் திருப்பி வையவில்லை. பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வருவாள். கடவுள் மெதுவாகப் பேசினாலும் கேட்கிறவர் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. பிற்பகல்களில் புழக்கடையில் வடிவோடு உட்கார்ந்து, அவளுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து விளையாட்டுகள் கண்டுபிடித்தாள். சிப்பி நிறையத் தண்ணீர் எடுத்துச் சிந்தாமல் கைமாற்றுவது ஒன்று. துணிக்கு அடியில் கைவிட்டுப் புளியங்கொட்டையா, சோழியா, மீன் முள்ளா என்று தடவிச் சொல்வது ஒன்று. இலவம்பஞ்சை ஊதி ஊதிக் கீழே விழாமல் வைப்பது இன்னொன்று. இவற்றில் தோற்பவர் கிடையாது. தண்ணீர் சிந்தினால் அடுத்த பிள்ளை சிப்பியை நிரப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். மூலையில் ஒரு நனைந்த சேலையைக் கொடியில் தொங்கவிட்டு, பின்னால் பாய் விரித்திருந்தாள். போதும் என்று தோன்றுகிற பிள்ளை அதற்குப் பின்னால் போய் உட்காரலாம். ஏன் போனாய், எப்போது வருவாய் என்று யாரும் கேட்கக் கூடாது. பின் சந்தில் இருந்த சங்கு குளிக்கிறவரின் மகள் பிளாரன்ஸ் மட்டும் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வேறு எந்த விளையாட்டிலும் அவளைச் சேர்ப்பதில்லை.

அடுத்த வருடம் யுத்த பயத்தில் துறைமுகத்தில் அபாயச் சங்கு ஊதிப் பார்த்தார்கள். வன்னியபெருமாளின் அறுபது மூட்டை கரைந்து வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடியது. அன்று சாயங்காலமே பிள்ளையார் கோயில் முன்னால் கூடி முடிவு செய்தார்கள்: தை மாதத்துக்குள் பிள்ளையைச் சாத்தான்குளத்து மாமன் வீட்டில் கொண்டு விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் குடும்பமே தெருவைக் காலி செய்ய வேண்டும். கடையை விட்டு எங்கே போவது என்று காசிலிங்கம் தலை குனிந்தார். சீனித்தாய் ஒன்று கேட்டாள். பிள்ளைக்கு ஐந்து வயது, காதுகுத்து இந்த வீட்டில் நடக்கட்டும். அன்றைக்கு உப்பு கரையாவிட்டால் பிள்ளை இங்கேயே இருக்கும். கரைந்தால் அன்றே வண்டி ஏறும். வன்னியபெருமாள் ஒப்புக்கொண்டார். கரையும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

“மேளம் இல்லாமக் காது குத்தப் போறாளாம்,” என்று கிணற்றடியில் சந்தனமாரி சொன்னாள். “இழவு வீட்டுலகூடக் கொட்டு உண்டும். இவ வீட்டுல அதுவும் கிடையாது போல.”

தை மாதம் அந்த நாள் வந்தது. மாமன் தாணுலிங்கம் சாத்தான்குளத்திலிருந்து வண்டி கட்டி வந்தார். எப்படியும் பிள்ளையை ஏற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்து மாட்டை அவிழ்க்கவில்லை. தெருவிலிருந்து விருந்தாளி என்று ஒருவரும் வரவில்லை. சந்தனமாரி மட்டும் வந்தாள். ஒரு வாழையிலையில் உப்பைக் குவித்து வாசற்படியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் பித்தளைத் தாம்பாளமும் கரண்டியும் இருந்தன. சுபகாரியத்தில் சத்தம் இல்லாவிட்டால் ஆகாது, ஊசி ஏறும்போது நானே தட்டுவேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். அது அவள் உரிமை என்று தெரு நினைத்தது. சீனித்தாய் புழக்கடையில் வடிவிடமும் பிளாரன்ஸிடமும் சிப்பியைக் கொடுத்து விளையாட்டைத் தொடங்கினாள்.

அப்போது தவில்காரர் மாசானம் உறையிட்ட தவிலைச் சுமந்துகொண்டு புழக்கடை வழியாக வந்தார். அவரை யாரும் அழைத்திருக்கவில்லை. செந்தில்வேலின் காதுகுத்தில் கொட்டியவர்களில் அவரும் ஒருவர். வடிவு சுருண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

“நான் வாசிக்க வரலை தாயி,” என்றார். “மேளம் வந்துச்சின்னு நாளைக்கு ஒரு பேச்சுக்குச் சொல்லிக்கிடலாம்லா.”

“கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லியே அண்ணாச்சி.”

“கருப்பட்டிக் காப்பி இருக்கும்லா? உப்பில்லாத வீட்டுல அது ஒண்ணுதான் ருசியா இருக்கும்.”

அவர் தவிலைப் பாயில் படுக்க வைத்து, பிள்ளைகளின் உள்ளங்கைகளைத் தோலின் மேல் பரப்பச் சொன்னார். பிறகு மறுபக்கத்தை விரல் நுனியால் வருடினார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பிளாரன்ஸ் கையை உதறி எடுத்து, உள்ளங்கையைப் பார்த்து, மறுபடி வைத்தாள். வாய் திறந்தபடி இருந்தது. அவள் வாழ்க்கையில் முதல் மேளம் அது. வடிவு கண்ணை மூடிக்கொண்டு, “உள்ளங்கையில கேக்குது,” என்றாள்.

ஆசாரி ஊசியை எடுத்தார். வாசலிலிருந்து சந்தனமாரி தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு புழக்கடைக்கு வந்தாள். கரண்டியை ஓங்கிய இடத்தில் கை நின்றுவிட்டது. நனைந்த சேலையின் கீழ் இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. வலது காலில் அவள் தன் மகனுக்குக் கட்டிய கறுப்புக் கயிறு. எப்போது, எந்த வழியாக வந்தான் என்று தெரியவில்லை. செந்தில்வேல் தன் காதுகுத்துக்குப் பிறகு எந்த விசேஷத்திலும் கொட்டு கேட்டால் வாந்தி எடுப்பான், தலையைச் சுவரில் முட்டுவான். அதை அவள் தெருவுக்குத் தெரியாமல் கதவைச் சாத்தி மறைத்து வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை இப்போது பாயில் உட்கார்ந்து, ஒரு துண்டு இலவம்பஞ்சைத் தானாக ஊதிக்கொண்டிருந்தான். அவனைச் சீனித்தாய் பார்த்துவிட்டாள் என்பதும், பார்த்ததை யாரிடமும் சொல்லப் போவதில்லை என்பதும் அவள் முகத்தில் தெரிந்தது. ஒரு சில்லுக் கருப்பட்டியைச் சேலைக்கு அடியில் தள்ளிவிட்டு அவள் மகளிடம் திரும்பினாள்.

ஊசி ஏறியது. வடிவு கையைத் தோலிலிருந்து எடுக்கவில்லை. சந்தனமாரி தாம்பாளத்தை மெதுவாகத் தரையில் வைத்தாள். வாழையிலையில் உப்பு குவித்தபடியே இருந்தது. தாணுலிங்கம் வெளியே போய் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார்.

அதனால் தெரு மனம் மாறிவிடவில்லை. கொடுத்த வாக்கை வன்னியபெருமாள் மீறவில்லை. அதற்குமேல் ஒரு படி இறங்கவும் இல்லை. சீனித்தாய்க்கு உப்பு அளக்கக் கூடாது என்ற பழைய பேச்சை யாரும் திரும்பப் பெறவில்லை, அவளும் போய்க் கேட்கவில்லை. சந்தனமாரி கிணற்றடியில் முன்போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருவிழா வந்தால், மழைக்கு முன்னால் வற்றலை எடுத்து வைப்பதுபோல, பெண்கள் உப்புச் சட்டிகளைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டு வைத்தார்கள். மறந்தவர்கள் உப்புத் தண்ணீர் ஓடிய வாசலைக் கழுவிவிட்டார்கள். பிற்பகல்களில் செந்தில்வேல் எங்கே போகிறான் என்று அவன் தாய் கேட்கவில்லை. ஒன்றிரண்டு வீடுகளில் காதுகுத்துக்கு மாசானத்தைத் தனியாகக் கூப்பிட்டு, தவிலைப் படுக்க வைக்கச் சொன்னார்கள்.

1947 ஆகஸ்டில், சுதந்திரம் வருகிற அன்று, கப்பல்கள் எல்லாம் சேர்ந்து சங்கு ஊதும் என்றும் வெடி உண்டு என்றும் ஊரில் சொன்னார்கள். சீனித்தாய் அன்று விடிவதற்குள் வண்டி பிடித்து, வடிவையும் பிளாரன்ஸையும் ஏற்றிக்கொண்டு, துறைமுகச் சத்தம் எட்டாத தருவைகுளத்துக்குப் புறப்பட்டாள். காசிலிங்கமும் கூடப் போனார். தெரு முக்கில் செந்தில்வேல் நின்றிருந்தான். அவள் ஒன்றும் கேட்காமல் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். சந்தனமாரி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தாள்.

பகலில் சங்குகள் ஊதின. வெடி வெடித்தது. தெருவில் ஒரு கல் உப்பும் கரையவில்லை. எல்லாரும் கொடியும் கப்பலும் பார்க்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தார்கள். சந்தனமாரி தன் வீட்டுக் கிட்டங்கியைத் திறந்து, உலர்ந்து நின்ற மூட்டைகளைச் சற்று நேரம் பார்த்தாள். அந்த மூட்டைகளில் அவள் கை வைக்கவில்லை. நார்ப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் அளம் வரை தானே நடந்து போய், அன்றைக்கு வாரிய வெள்ளை உப்பை நிறைத்துக்கொண்டு, பின் சந்து வழியாகச் சீனித்தாயின் புழக்கடைக்குள் வந்தாள். அடுக்களையில் அந்த உப்புச் சட்டி ஆறு வருடமாகக் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி, முந்தானையால் உள்ளே துடைத்தாள். பெட்டியைச் சாய்த்துக் கொட்டாமல், ஒவ்வொரு கையாக அள்ளி, சத்தம் வராதபடி விளிம்பு வரை நிறைத்தாள். வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் மூடியை வைக்கும்போது மண்ணும் மண்ணும் உரசாமல் இருக்க, நடுவில் தன் விரலைக் கொடுத்து வைத்து, பிறகு விரலை மெல்ல உருவிக்கொண்டாள்.