வெளுத்த எண்ணெய்

டெச்சிமான் ஊர்ச் சந்தையில் செம்பனை எண்ணெய் விற்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி, சந்தை ராணி, செர்வா. அவள் காட்டிய இடத்தில்தான் கடை போட முடியும். இருபது வருஷத்துக்கு முன்னால், அஃப்ரியே என்ற விதவையின் எண்ணெய் டின்னைத் தூக்கிக் காட்டி, "பாருங்கடி இந்த நிறத்தை! தண்ணி கலந்திருக்கா திருட்டு முண்டை!" என்று கூவி, அத்தனையையும் சாக்கடையில் கவிழ்த்தாள். அஃப்ரியேவின் எண்ணெய் வெளுத்துத்தான் இருந்தது. அதில் சிவப்புச் சாயம் கலக்கவில்லை, அவ்வளவுதான். அன்றோடு அவளுக்கு வெளுத்த எண்ணெய்க்காரி என்று பெயர் விழுந்தது. ரோட்டோரம் கரி விற்றே செத்தாள்.

அவள் மகள் டுஃபி இப்போது அரசு உணவுப் பாதுகாப்புத் துறையில் இன்ஸ்பெக்டர். இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கி வந்தாள். கடமை அது இது என்று பூசி மெழுக வேண்டாம். பழி வாங்கத்தான் வந்தாள்.

இரண்டு முறை செர்வா கடையில் மாதிரி எடுத்தாள். இரண்டிலும் துணிக்குப் போடுகிற சிவப்புச் சாயம் இருந்தது. "நான் வாங்கி விக்கிறவம்மா. கிராமத்துல எவன் எதைக் கலந்தானோ, எனக்கென்ன தெரியும்?" என்று மூக்கைச் சிந்தினாள் செர்வா. மேலதிகாரிகள் எச்சரித்து விட்டுவிட்டார்கள். தெரிந்தே விற்றாள் என்று நிரூபிக்க வேண்டுமாம்.

மூன்றாம் முறை மத்தியானத்தில் போனாள். கடை முன்னால், மற்றப் பெண்களுக்கு நடுவே, செர்வா அவித்த வள்ளிக்கிழங்கை எண்ணெயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க மேடம், கை வைங்க" என்றாள்.

சாப்பிடுகிறவர் எதிரே வந்தவரை அழைத்தாக வேண்டும். வந்தவர், நல்லா சாப்பிடுங்க என்று சொல்லி நகர வேண்டும். அதுதான் மரியாதை. யாரும் உட்காருவதில்லை.

டுஃபி கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கூப்பிட்டீங்களே மாமே, பசிக்குது." மாமே என்றால் அந்த ஊரில் அம்மா.

"அடியே, கவர்மெண்டே கை நனைக்குதுடி!" என்று ஒருத்தி சிரித்தாள்.

தட்டில் இருந்த எண்ணெய் வெளுப்பாக இருந்தது. ஒரு வாய் வைத்ததும் டுஃபிக்குக் கண் கலங்கியது. அம்மாவின் எண்ணெய் இப்படித்தான் இருக்கும்.

"எண்ணெய் பத்தல மாமே" என்று எழுந்து, விற்பனை டின்னிலிருந்து ஒரு கரண்டி செக்கச்செவேலென்று மொண்டு தட்டுக்கு மேலே நீட்டினாள்.

செர்வா இரண்டு கையாலும் தட்டை மூடினாள். "ஐயோ, அதை ஊத்தாதே! அது விக்கிறதுக்கு!"

பக்கத்துக் கடைக்காரி எழுந்து நின்றாள். "நீ திங்க மாட்டே. எங்க பிள்ளைங்க திங்கலாமா?"

அத்தனை பேரையும் சாட்சியாக வைத்து, டின்னிலிருந்து ஒரு மாதிரியும் செர்வாவின் முக்காலிக்கடியில் இருந்த சொந்தப் புட்டியிலிருந்து ஒரு மாதிரியும் எடுத்து டுஃபி சீல் வைத்தாள்.

பத்து நாளில் ஆய்வு முடிவு வந்தது; தெரிந்தே விற்றாள் என்று நிரூபணமானது. டின்களை அழிக்க லாரியில் ஏற்றினார்கள். சந்தைப் பெண்கள் வேறொருத்தியை ராணியாக்கினார்கள். காலி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த செர்வா, எதிரே வந்து நின்ற டுஃபியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ யாரு பொண்ணுடி?"

"வெளுத்த எண்ணெய்க்காரி பொண்ணு."

டுஃபி முக்காலிக்கடியில் இருந்த அந்தச் சொந்தப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது பாஸாயிடுச்சு மாமே. சாயம் இல்ல. இதை நீங்க தாராளமா விக்கலாம். சத்தமா கூவி வில்லுங்க."

சொல்லிவிட்டுப் போகவில்லை. எதிர்க் கடையோரம் நின்று காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கூடையோடு ஒரு பெண் வந்தாள். புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"என்ன மாமே, தண்ணி கலந்திருக்கியா?"

வைத்துவிட்டுப் போனாள். செர்வா நிமிரவில்லை. டுஃபி இன்னும் கொஞ்ச நேரம் நின்று அதைக் கண்ணாரப் பார்த்தாள்.