ஆலைக்காரர் பள்ளிக்கூடம்

பதினொரு வருடமாக இந்தப் பள்ளி அலுவலகத்தில் என் முக்கிய வேலை சிரிப்பது. ஊரின் பெரிய இரும்பு ஆலை முதலாளிக்கும், இந்தப் பள்ளியைத் தொடங்கிய தலைமையாசிரியருக்கும் ஒரே குடும்பப் பெயர். ஆலைக்கும் பள்ளிக்கும் அதே பெயர்தான். மற்றபடி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள், "ஆலைக்காரங்க ஸ்கூல்தானே?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது, சிரித்துவிட்டு விண்ணப்பத்தை நீட்ட வேண்டும் என்பது தலைமையாசிரியரின் உத்தரவு. பொய் சொன்ன பாவம் நமக்கு வேண்டாமாம். மகா யோக்கியர்.

அன்று பதினொரு மணிக்கு ஆலையின் கூரை சரிந்தது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஐம்பது அறுபது பேர் எங்கள் கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நானூறு பிள்ளைகள். தலைமையாசிரியர் மேசைக்குப் பின்னால் வேர்த்து வழிந்தபடி, "நீங்க போய்ச் சொல்லுங்க மேடம். உங்களைத்தான் எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

போனேன். அவர் மேல் வந்த ஆத்திரத்தில்தான் நடக்கவே முடிந்தது.

"ஆலைக்குள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டு இருக்காங்க, உங்க முதலாளி போனை அணைச்சுட்டு இங்க வந்து ஒளிஞ்சிருக்கானா?" என்று கத்தியவன் கையில் ஒரு செங்கல்.

"இது அவர் பள்ளிக்கூடம் இல்லைங்க. பேர் மட்டும்தான் ஒண்ணு."

"யார் காதுல பூ சுத்துறே?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா. புருஷனுக்கு ஆலையில் வேலை.

"சேர்க்கும்போதே கேட்டேனே மேடம். சிரிச்சீங்களே!"

செங்கல்காரன் கையை ஓங்கினான். எனக்குப் பின்னால் ஜன்னலுக்கு ஜன்னல் பிள்ளைகளின் தலைகள்.

"பொய்ச் சிரிப்பும்மா அது!" என்று அலறினேன். "பிள்ளைங்க சேரணும்னு சிரிச்சேன். கேட்டவங்க எல்லார்கிட்டயும் சிரிச்சேன். அந்த மனுஷனை நான் நேர்ல பார்த்ததுகூட இல்ல. அடிக்கணும்னா என்னை அடிங்க, பிள்ளைங்களை விட்டுருங்க."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"இங்க இல்ல. வாங்க, ஆலைக்கே போவோம். இங்க நிக்கிற நேரத்துல நாலு கல்லையாவது புரட்டலாம்."

செங்கல் கீழே விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் நகர்ந்தது. அவள் மட்டும் கேட்டின் கம்பியை விடவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் ஆலைக்குள்ளதான் இருக்காரு," என்றாள். "பாப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. கேட்டா சிரிங்க. அதான் உங்களுக்கு நல்லா வருமே."

திரும்பி வந்தபோது அலுவலக வாசலில் அந்தச் சிறுமி நின்றிருந்தாள்.

"மிஸ், எங்கம்மா எதுக்கு வந்தாங்க?"

சிரிக்கப் பார்த்தேன். பதினொரு வருடப் பழக்கம்தான், ஆனால் உதடு அசையவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்ல அழத் தொடங்கினாள்.