சிலிண்டர் அடியில் ஒரு ரேகை

செத்துப்போன அண்ணன் ஆசையாக வாங்கி வைத்திருந்த டர்போவை அவனுடைய பைக்கிலேயே மாட்டிவிட வேண்டும் என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்றாள். மெக்கானிக்கான தம்பி தலையாட்டினான்.

டர்போ காற்றைத் திணித்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் எகிறும். அதைக் குறைக்க, சிலிண்டரைக் கழற்றி அடியில் தடித்த தகடு வைக்க வேண்டும். அவனுக்குத் தெரியாததா? ஆனால் சிலிண்டர் அடி இணைப்பில் கசிவை அடைக்கத் தடவி, பிதுங்கி இறுகியிருந்த பேஸ்ட்டில், எஞ்சினைப் பூட்டிய அண்ணனின் கட்டைவிரல் ரேகை அச்சு அசலாகப் பதிந்திருந்தது. ஸ்பானரை வைப்பான், எடுப்பான். கடைசியில் கை வராமல், திறக்காமலேயே அந்தப் பாழாய்ப்போன டர்போவை மாட்டித் தொலைத்தான்.

பைக் பிய்த்துக்கொண்டு போனது. தெருமுனை தாண்டுவதற்குள் அழுத்தம் தாங்காமல் பிஸ்டன் ஓட்டையாகி நின்றது.

தள்ளிக்கொண்டு வந்தவனிடம், "என்ன தம்பி ஆச்சு?" என்றாள் அண்ணி.

"எஞ்சினப் பிரிக்கணும் அண்ணி."

"அத மொதல்லயே பண்ணியிருக்கலாம்ல?"

அவன் ஸ்பானரை எடுத்தான். சிலிண்டரைக் கழற்றினான். புதுத் தகடு உட்கார வேண்டுமானால் பழைய பேஸ்ட் துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. பிளேடால் சுற்றிலும் சுரண்டிக்கொண்டே வந்தான். ரேகை இருந்த இடத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டான்.