குண்டு எங்கே இருந்தது

கெங்கம்மாள் கஞ்சிக் கரண்டியைப் புருஷனின் உதட்டருகே கொண்டுபோனாள். சடகோபன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நேற்றிலிருந்து இதே கதைதான். வாயோரத்தில் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு, கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள்.

திருத்தணியிலிருந்து ஜட்காவில் வந்துபோன டாக்டர், இதயம் ஓய்ந்துவிட்டது, வேலூருக்குத் தூக்கிப்போனால் வழி தாங்காது, கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். கேட்டால்தானே கொடுப்பதற்கு? சாப்பாடு இறங்காதது வியாதியின் குணம் என்பது டாக்டரின் கணக்கு. அது வியாதி இல்லை, வீம்பு என்று கெங்கம்மாளுக்குத் தெரியும். தான் சுட்ட மிருகம் கைக்குக் கிடைக்கிறவரை சடகோபன் சோற்றைத் தொடமாட்டார். கல்யாணமான புதிதில் ஒரு கடமானுக்காகப் பட்டினி கிடந்து மாமியாரை அழவைத்த மனுஷன். தலை நரைத்தும் அந்தக் குணம் மட்டும் நரைக்கவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் மலையடிவாரத்துக் கொல்லையில் வேர்க்கடலையைக் கிளறிக்கொண்டிருந்த காட்டுப்பன்றியை அவர் சுட்டார். தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த துப்பாக்கி திரும்பி வந்தபின் போட்ட முதல் வெடி அது. பன்றி விழாமல் புதருக்குள் ஓடியது. பின்னாலேயே போனவர் ஓடைக்கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகன் துளசிங்கமும், வேட்டைக் கூட்டாளி எல்லப்பனும் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன்பிறகு பன்றியை யார் நினைப்பது?

அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"வயித்துல பட்டுடுச்சு கெங்கா," என்றார் சுவரைப் பார்த்தபடியே. "அது ஓடுன வழியில எலையில, தின்ன கல்லக்கா அரைஞ்சு ஒட்டிகினு இருந்துச்சு. அப்படிப் பட்டா லேசுல சாவாது. ஊத்துப் பக்கமா தண்ணி கண்ட எடத்துல படுத்துகினு வலியில கெடக்கும். சுள்ளி பொறுக்கப் போற பொம்பளைங்கள கிழிச்சுப்புடும்."

இவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. தெருப் பெண்களை மலைப்பக்கம் போகவேண்டாமென்று கெங்கம்மாள் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் எத்தனை நாளைக்கு? வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தாக வேண்டுமே.

துளசிங்கம் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். நல்ல பிள்ளை, பொய் சொல்ல மட்டும் வராது. கட்டிலருகே குனிந்து, நைனா, பன்றி கிடைத்துவிட்டது, ஊற்றுக்கு இந்தப் பக்கமே செத்துக் கிடந்தது, குண்டு நேராக நெஞ்சில் பட்டிருந்தது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். சடகோபன் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"நெஞ்சுல பட்டிருந்தா எலையில கல்லக்கா எங்கேர்ந்துடா வரும்?"

துளசிங்கம் எழுந்து வெளியே போய்விட்டான்.

கெங்கம்மாள் அடுக்களைக்குள் போய்க் கதவோரம் நின்றாள். அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. சாகப்போகிறவர் வெறும் வயிற்றோடு போய்விட்டால், மீதிக் காலம் முழுக்கத் தன் வாய்க்குள் சோறு எப்படி இறங்கும் என்று இந்த மனுஷன் ஒரு நிமிஷம் யோசித்தாரா?

அவள் ஒருநாளும் வேட்டைக்குப் போனதில்லை. ஆனால் மிருகத்துக்குள் போன குண்டு என்ன செய்யும் என்பதை அரிவாள்மணையில் உட்கார்ந்தே தெரிந்துகொண்டவள். எல்.ஜி. தோட்டாவின் சில்லறைக் குண்டுகள் பன்றியின் தோள் கொழுப்பைத் தாண்டாது. கறியில் கிடந்து பல்லைப் பதம் பார்க்கும். ஒற்றைக் குண்டு எலும்பில் படாமல் போனால் புகுந்த அளவுக்கே மறுபக்கம் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறிவிடும். மான் பாட்டுக்கு ஓடிப்போய் எங்கேயாவது சாகும். எலும்பில் பட்டால்தான் ஈயம் விரியும். நெல்லிக்காயாகப் போனது தட்டையாக நசுங்கி, மறுபக்கத் தோலுக்கடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைச் சுற்றி ஒரு சாண் கறி கருத்துக் குழைந்திருக்கும். அதை வெட்டி நாய்க்குத்தான் போட வேண்டும்.

கடுகு டப்பாவுக்குப் பின்னால் அப்படி நசுங்கிய ஈயம் ஒன்று கிடந்தது. ஏதோ ஒரு வருஷத்துப் பன்றியில் அவள் எடுத்தது. கருத்துப்போயிருந்தது. புளியும் செங்கல்பொடியும் தொட்டு, குத்துவிளக்கைத் தேய்ப்பது போலத் தேய்த்தாள். பளபளப்பு வந்ததும் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

"அவன் கெடக்கறான், அவனுக்கு இன்னா தெரியும்? கறிய அறுத்தவ நானு," என்று கட்டிலில் உட்கார்ந்தாள். "பன்னி அந்தாண்ட திரும்பிகினு இருந்துச்சா, நீங்க சுடறப்ப?"

சடகோபன் யோசித்தார். "ஆங். கோணலாத்தான் நின்னுச்சு."

"அதான். குண்டு பின்வயித்துல பூந்து, கொடல கிழிச்சுகினு முன்னாடி போயிருக்குது. அதுலதான் கல்லக்கா வந்திருக்குது. ஈரல் ரெண்டா போச்சு. ரத்தம் பூரா உள்ளயே நின்னுடுச்சு, வெளிய சிந்தல. ஊத்து வரைக்கும்கூட போவல அது."

"குண்டு எங்க இருந்துச்சு?"

"வலது முன்சப்பையில, தோளாண்ட. தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவுல."

அவர் கையை நீட்டினார். அவள் ஈயத்தை உள்ளங்கையில் வைத்தாள். கட்டைவிரலால் அதன் விளிம்பைச் சுற்றித் தடவினார். புரட்டினார். பிறகு மெல்ல மூக்கருகே கொண்டுபோனார்.

கெங்கம்மாளுக்கு உயிரே போய்விட்டது. எத்தனை கழுவினாலும் புளி வாசம் போகுமா? காற்றை மோந்தே கரடி இருக்கிற திசையைச் சொன்ன மூக்கு அது. சடகோபன் ஈயத்தை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். புதுப்பெண்ணாக வந்தபோதுகூட இப்படிக் கண்ணெடுக்காமல் பார்த்ததில்லை.

"நல்லா விரிஞ்சிருக்குது," என்றார். "கஞ்சி ஆறிப் போச்சா?"

ஆறிப்போன கஞ்சியைத்தான் ஊட்டினாள். கிண்ணத்தில் பாதிக்கு மேல் குடித்தார். பாதியில் அவரே கரண்டியைப் பிடித்துக்கொண்டார். வாயைத் துடைத்துவிட்டதும் கண்ணை மூடினார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லப்பன் வந்து காலைத் தொட்டுப் பார்த்தபோது அது சில்லிட்டிருந்தது.

மறுநாள் காலையில் ஊர் திரண்டது. மேளம் வந்தது, ஏரிக்கரை வரைக்கும் வேட்டுப் போடுகிறவன் வந்தான். ஆர்.கே.பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய நாத்தனார் குப்பம்மாள், வந்த கையோடு வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டு எல்லாரையும் அதட்டினாள். பாடையின் முன்பக்கம் தோள் கொடுப்பதற்காக எல்லப்பன் துண்டை மடித்து வைத்துக்கொண்டு நின்றான். அவனைவிட அந்த இடத்துக்கு உரிமை உள்ளவன் யாருமில்லை. கெங்கம்மாள் அவனைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டாள். சுவரோரம் துப்பாக்கி சாத்தியிருந்தது.

"நீ சுடுகாட்டுக்குப் போவாத, எல்லப்பா. ஊத்துக்குப் போ."

எல்லப்பன், அண்ணனைத் தூக்க வேண்டியவன் நான், இன்றைக்கு ஒருநாள் போகட்டும், நாளைக்கு விடியற்காலையிலேயே போகிறேன் என்று கெஞ்சினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"தோள் குடுக்க ஊரே நிக்குது. வயித்துல குண்ட வெச்சுகினு அங்க ஒண்ணு கெடக்குதே, அதுக்கு யாரு இருக்காங்க?" கெங்கம்மாளின் குரல் இறங்கியது. "பன்னி செத்துடுச்சுன்னு நான் பொய் சொன்னேன். பொய்யின்னு தெரிஞ்சுகினேதான் அவரு கஞ்சி குடிச்சாரு. எனக்காவ குடிச்சாரு. பட்டினியா போயிருக்கணும்னா போயிருப்பாரு அந்த மனுஷன்."

எல்லப்பன் மடித்த துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினான். முன்பக்கத்தில் அவனைத் தேடிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறொருவன் தோள் கொடுத்தான். இத்தனை வருஷம் கூடச் சுற்றியவன் கடைசி நேரத்தில் எங்கே போய்த் தொலைந்தான் என்று சனங்கள் பேசியது கெங்கம்மாள் காதிலும் விழுந்தது.

பாடை போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். கிணற்றடியில் கெங்கம்மாளை உட்காரவைத்து, ஆளுக்கொரு குடம் தண்ணீரோடு சுற்றி நின்றார்கள். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள். குப்பம்மாள், எவ்வளவு நேரம் இப்படியே உட்கார்ந்திருப்பாய், உடம்புக்கு ஆகாது என்று சத்தம் போட்டாள். கெங்கம்மாள் மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. ஏரிக்கரைப் பக்கம் வேட்டுச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு நின்றுபோனது. சுடுகாட்டில் இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று யாரோ சொல்லி அழுதார்கள்.

அப்போது மலைப்பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது.

"இது இன்னாடி, இந்தப் பக்கம் வேட்டுப் போடறான்?" என்றாள் குப்பம்மாள்.

கெங்கம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வெடி வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டாள். கிணற்று ராட்டினத்திலிருந்து நீர் சொட்டியது. வரப்பில் ஒரு ஆடு கத்தியது. அடுத்த வெடி வரவேயில்லை.

கூந்தல் முடிச்சை அவிழ்த்து முன்னால் விட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"தண்ணிய ஊத்து அக்கா," என்றாள்.