கன்னத்து மச்சம்

அருங்காட்சியகத்தின் ஓவிய அறையில் அவளுக்கு அது முதல் நாள். பதினோரு வருடம் பக்கத்து அறையில் பீங்கான் ஜாடிகளைத் துடைத்தவள். சட்டத்தை மட்டும் துடை, படத்தைத் தொடாதே என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் தங்க முலாம் பூசிய சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்த சீமாட்டியின் கன்னத்தில் ஏதோ ஈ அசிங்கம் பண்ணி வைத்திருந்தது. பத்து மணிக்குப் பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள். கை சும்மா இருக்குமா? துணி நுனியை நாக்கில் தொட்டு ஒரு தேய். பளிச்சென்று போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் கீழே இருந்த அட்டையைப் படித்தாள்: ‘கன்னத்து மச்சத்துடன் ஒரு சீமாட்டி.’

அந்த மச்சத்தைப் பற்றி இருநூற்று நாற்பது பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவர் இயக்குநர். அவளுடைய பணி நிரந்தர உத்தரவு அவர் மேசையில்தான் கிடந்தது. விருந்தினர் போனதும் கையெழுத்துப் போடுகிறேன் என்றிருந்தார்.

ஓவியம் பழுதுபார்க்கும் அண்ணனை இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எதைத் தொட்டுத் துடைத்தாய் என்று கேட்டார். சொல்லக் கூசியது, சொன்னாள்.

“நாங்களும் எச்சில்லதாம்மா தொடைப்போம். அதுக்கெல்லாம் பழைய சாயம் அசையாது. இது மச்சமே இல்ல, ஈயோட எச்சம்.”

“அப்ப நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்கண்ணே.”

“எரநூத்தி நாப்பது பக்கம் எழுதினவர்கிட்டயா? எனக்கும் குடும்பம் இருக்கும்மா.”

வராந்தாவில் பூட்ஸ் சத்தம். விருந்தினரோடு உள்ளே வந்த இயக்குநர் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று பேசத் தொடங்கினார். பார்க்காமலே பேசுமளவுக்கு மச்சம் அவருக்கு மனப்பாடம். அதில் ஒரு நூற்றாண்டின் துக்கம் திரண்டிருந்ததாம். விரலைப் பின்னால் நீட்டிக் காட்டினார். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“மச்சம் எங்க சார்?”

இயக்குநர் திரும்பினார். அவர் பார்வை வெறும் கன்னத்திலிருந்து அண்ணனுக்கும், அண்ணனிடமிருந்து அவளுக்கும், அவள் கைத்துணிக்கும் இறங்கியது. இனி ஒளித்துப் பிரயோஜனமில்லை.

“சார், அது ஈ...” என்றாள், அவர் காதுக்கு மட்டும் எட்டும்படி. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

இயக்குநரின் முகம் சுண்டியது. ஒரு நொடிதான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பராமரிப்புப் பணிக்காக மச்சம் தற்காலிகமா அகற்றப்பட்டிருக்கு.”

விருந்தினர் மரியாதையாகத் தலையசைத்தார்கள். ஒருவர் குறித்தும் கொண்டார்.

மத்தியானம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உத்தரவு விரித்திருந்தது, பேனா மூடி கழன்றிருந்தது. அவர் நிமிரவில்லை. கையெழுத்துப் போட மறுத்தால் அவர் காரணம் எழுத வேண்டும். காரணத்துக்கோ ஆறு கால், இரண்டு சிறகு.

“வேற யாருக்குத் தெரியும்?”

“எதுங்க சார்?”

கையெழுத்துப் போட்டார். போகும்போது ஓவிய அறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போ என்றார். பதினோரு வருடத்தில் அந்த ஜன்னல் திறந்து அவள் பார்த்ததில்லை.

வாசலில் அண்ணன் நின்றிருந்தார்.

“உனக்குத்தாம்மா எங்கயோ மச்சம் இருக்கு.”

“இருந்தா இருக்கட்டும்ணே. யாரும் தொடைச்சிடாம பாத்துக்கறேன்.”