ஆலாவின் வளைந்த இறக்கை

கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நடு மேசைக்குப் பின்னால் புகைப்படக் கழகத் தலைவர் அப்துல் கபூர் சேர். அவருக்கு வலப்பக்கம், மடிக்கணினியோடு செயலாளர் ஜவுபர். யன்னலோரம் என் கணவர் நஸீம். மேசைக்கு எதிரே தனியாகப் போட்ட கதிரையில் நான், சுல்பிகா.

விசாரணை என் படத்தைப் பற்றியது. நற்பிட்டிமுனை வயலில், உழவு மெஷினுக்குப் பின்னால் பூச்சி பிடிக்கப் பறந்த ஆலாப் பறவை ஒன்றை எடுத்திருந்தேன். கழகத்தின் வழியாகத்தான் அது மாவட்டப் போட்டிக்குப் போகவேண்டும். படத்தில் ஒரு இறக்கை அரிவாள் போல வளைந்திருந்தது. எந்தப் பறவைக்கும் இறக்கை அப்படி வளையாது, கணினியில் செய்து ஒட்டியது என்பது ஜவுபரின் முறைப்பாடு. நானாகவே போட்டியிலிருந்து விலகுவதாக ஒரு கடிதத்தையும் அச்சடித்து வைத்திருந்தார்.

“ஒரு கையெழுத்துத்தான் ராத்தா. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே தம்பி. நான் கள்ளி எண்டு நானே எழுதித் தரவா?”

கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுப்பது என் தொழில். பொய்ப் படக்காரி என்று பேர் வந்தால் பிறகு யார் கூப்பிடுவார்கள் என்று நஸீம் கேட்டார். ஜவுபர் கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

நடந்ததை முறையாகச் சொன்னேன். ஆலாவை எடுத்ததற்கு முதல் நாள் சாய்ந்தமருதில் ஒரு நிக்காஹ் கலியாணம். குத்பா உரை ஓதும்போது கமெரா சத்தம் போடக் கூடாதென்று சத்தமில்லா ஷட்டருக்கு மாற்றினேன். அந்த முறையில் என் மிரர்லெஸ் கமெரா காட்சியை ஒரேயடியாக எடுக்காது. மேலிருந்து கீழாக, வரிவரியாக எடுக்கும். அதற்குள் வேகமாக அசைவது இடம் மாறி, படத்தில் வளைந்து விழும். மறுநாள் வயலில் அதைத் திருப்பி மாற்ற மறந்துபோனேன்.

“நல்ல கதை,” என்று ஜவுபர் சிரித்தார்.

கமெராவை அதே சத்தமில்லா முறையில் வைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். மேலே சுற்றுகிற ஃபேனை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். நேரான மூன்று தகடுகளும் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தன. இன்னொரு தரம் எடுத்தார். அதிலும் அப்படித்தான்.

கபூர் சேர் கமெராவை வாங்கிப் பார்த்தார். “விளங்குது மகள். ஆனா நீங்க விலகிட்டதா மாவட்டத்துக்கு நேத்தே சொல்லிட்டம். இனி மாத்திக் கதைச்சா கழகத்துக்கு மரியாதையில்ல. நேரான இறக்கையோட வேற படமொண்டு தாங்க, புதுசா சேர்த்து உடுறம்.”

அப்படி முப்பது படம் இருந்தது, ஆலா இறக்கை அடிக்காமல் மிதந்தபோது எடுத்தவை. பூச்சி அலகுக்குள் போகும் கணம் இந்த ஒன்றில்தான் இருந்தது.

“இதைத்தான் அனுப்புவன் சேர்.”

அச்சடித்த கடிதத்தை எடுத்து, பின்பக்கம் திருப்பி, அங்கேயே எழுதத் தொடங்கினேன். அது கழகத்தின் தாள் என்றார் ஜவுபர்.

“ஓம். முன்பக்கத்தையும் மாவட்டத்தில வாசிக்கட்டும்.”

எழுதியது இதுதான்: ‘போட்டிக் குழுவினருக்கு, நான் விலகவில்லை. மறுபக்கத்தில் இருப்பது நான் எழுதியதல்ல. என் கையெழுத்தும் அதில் இல்லை. ஆலாவின் மூலப்படங்களும், செயலாளர் தன் கையால் எடுத்த ஃபேன் படங்களும் இத்துடனுள்ள மெமரி கார்டில் இருக்கின்றன. ஷட்டரை மாற்ற மறந்தது என் பிழை. அதற்குப் புள்ளியைக் குறையுங்கள். பொய்யென்று நீக்குவதானால் காரணத்தை எழுதி, கையொப்பமிட்டு நீக்குங்கள்.’

தபாலகம் மூட இருபது நிமிடம் இருந்தது. நஸீம் மோட்டார் சைக்கிளை எடுத்தார். அனுப்புநர் இடத்தில் என் முழுப் பெயரைப் பெரிதாக எழுதி, கடிதத்தையும் கார்டையும் உள்ளே வைத்து, உறையைக் கோந்து பூசி ஒட்டி, பதிவுத் தபாலில் கொடுத்தேன்.